போலந்து–ரஷ்யப் போர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன் போர் தொடங்கிய பின் போலந்தைப் பற்றிய செய்திகள் தமிழிலும் நிறைய வருகின்றன. ரஷ்யாவின் பெயரைக் கேட்டாலே போலந்தியர் ஏன் இவ்வளவு கலங்குகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு விடை பல நூற்றாண்டுகளின் போர்களில் இருக்கிறது. அந்தப் போர்களைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன்.

இது ஆயிரம் ஆண்டுப் பகை என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொல்பவர்கள் 1018-ஆம் ஆண்டைக் கணக்கில் வைத்துச் சொல்கிறார்கள். போலந்தின் ஆட்சியாளர் போலஸ்லாவ் அவ்வாண்டில் தம் மருமகன் ஸ்வியாதபோல்க்குக்காகப் படையெடுத்து, பக் ஆற்றங்கரையில் யாரோஸ்லாவை வென்று, கீவ் நகருக்குள் நுழைந்தார். ஆனால் அது அரச குடும்பத்துக்குள் நடந்த வாரிசுச் சண்டை. அன்றைய கீவ் ருஸ் அரசு இன்றைய உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான மூதாதை. மாஸ்கோ என்ற ஊரின் பெயரே முதன்முதலாக ஏடுகளில் வருவது 1147-இல்தான். ஆகவே 1018-ஐப் போலந்து–ரஷ்யப் போர் என்று அழைப்பது பிற்காலத்தின் பகையை முற்காலத்தின் மேல் ஏற்றிச் சொல்வதாகும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாஸ்கோவுக்கும் லித்துவேனியா என்ற அன்றைய பெரிய அரசுக்கும் இடையே மூண்ட போர்களிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவதே பொருத்தமானது என்பது என் கருத்து.

லித்துவேனியா இதில் எப்படி வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மற்ற எதுவும் புரியாது. அன்றைய லித்துவேனியா இன்றுள்ள சிறிய பால்டிக் நாடு அல்ல. இன்றைய பெலாரஸ் முழுவதும், உக்ரைனின் பெரும்பகுதியும், ஸ்மோலென்ஸ்க் வரையான நிலமும் அதன் ஆட்சியில் இருந்தன. அதன் குடிமக்களில் பெரும்பாலோர் கிழக்கு ஸ்லாவிய மொழி பேசிய, ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ நெறியைப் பின்பற்றிய மக்கள். மாஸ்கோவின் மூன்றாம் இவான் தம்மை "அனைத்து ருஸ்" நாட்டின் ஆட்சியாளர் என்று அழைத்துக்கொண்டபோது, அந்த மக்களும் அவர்கள் வாழ்ந்த நிலமும் தம் மூதாதையரின் சொத்து என்று உரிமை கோரினார்.

லித்துவேனியாவின் யாகைவோ 1386-இல் போலந்தின் யாத்விகாவை மணந்ததிலிருந்து இரு நாடுகளும் நெருங்கின. 1569-இல் லூப்லின் ஒப்பந்தத்தின்படி அவை ஒரே கூட்டரசாயின. அப்போது உக்ரைன் நிலங்கள் நேரடியாகப் போலந்து முடியின் கீழ் வந்தன. மாஸ்கோவுடன் லித்துவேனியாவுக்கு இருந்த எல்லைத் தகராறு முழுவதையும் போலந்து அத்துடன் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் நடந்த போர்களில் மிகப் பல, வார்சாவுக்காகவோ மாஸ்கோவுக்காகவோ நடந்தவை அல்ல. இடையில் கிடந்த இந்த நிலத்துக்காக நடந்தவை. அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக வேதனையளிப்பது அதுதான்.

இது மதப்போரா?

மதம் போருக்குக் காரணம் தேடித் தந்தது, போரை உண்டாக்கவில்லை. 1596-இல் பிரெஸ்த் நகரில் ஆர்த்தடாக்ஸ் ஆயர்கள் சிலர் ரோமின் தலைமையை ஏற்றபின் பூசல் கூர்மையடைந்தது என்பது உண்மை. ஆனால் போலந்து, லித்துவேனியப் படைகளில் ஆர்த்தடாக்ஸ் பிரபுக்கள் இருந்தார்கள். 1514-இல் ஓர்ஷாவில் மாஸ்கோவின் படையை முறியடித்த தளபதி கான்ஸ்தந்தின் ஒஸ்த்ரோஸ்கி ஆர்த்தடாக்ஸ் நெறியைச் சேர்ந்தவர்.

ஸ்மோலென்ஸ்க் என்ற ஊரின் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

நீப்பர் ஆற்றின் மேற்பகுதியில், மாஸ்கோவுக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த நகரம் அது. அதைப் பிடித்தவர் கையில் வாசற்கதவின் சாவி இருந்தது. மாஸ்கோ அதை 1514-இல் லித்துவேனியாவிடமிருந்து கைப்பற்றியது. போலந்து அரசர் மூன்றாம் சிகிஸ்மண்ட் ஏறத்தாழ 20 மாத முற்றுகைக்குப் பின் 1611-இல் அதைப் போலந்துக்கு மீட்டார். 1654-இல் ஜார் அலெக்சேயிடம் அது மீண்டும் வீழ்ந்தது.

இந்த நகரத்தோடு பின்னிக்கிடக்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1609 முதல் 1611 வரை ஸ்மோலென்ஸ்க் கோட்டையைக் காத்துநின்ற ரஷ்யத் தளபதியின் பெயர் மிகாயில் ஷேயின். கோட்டை விழுந்தபின் அவர் சிறைப்பட்டு, 1619-இல்தான் ஊர் திரும்பினார். 1632-இல் அதே நகரை மீட்கும் படைக்கு அவரையே தலைவராக்கி அனுப்பினார்கள். முற்றுகையிட்டவரை சிகிஸ்மண்டின் மகனும் அப்போதைய போலந்து அரசருமான நான்காம் வ்வாதிஸ்வாவ் வந்து சூழ்ந்துகொண்டார். 1634-இல் ஷேயின் சரணடைய நேர்ந்தது. மாஸ்கோவுக்குத் திரும்பியதும் துரோகி என்று குற்றம்சாட்டி அவர் தலையை வெட்டினார்கள்.

போலந்தியர் மாஸ்கோவைப் பிடித்திருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1610 முதல் 1612 வரை கிரெம்ளினில் போலந்துக் கூட்டரசின் காவற்படை இருந்தது. ரஷ்யர்கள் "குழப்பக் காலம்" என்று அழைக்கும் ஆண்டுகள் அவை. பழைய அரச வம்சம் அற்றுப்போயிருந்தது. கொடிய பஞ்சம் நாட்டை உலுக்கியிருந்தது. இறந்துபோன இளவரசர் திமித்ரி நானே என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போலந்துப் பிரபுக்கள் சிலரின் துணையோடு வந்து 1605-இல் அரியணை ஏறினார். 1606 மே மாதத்தில் போலந்துப் பிரபு ஒருவரின் மகளான மரீனா மினிஷெக்குடன் அவருக்குத் திருமணம் நடந்தது. சில நாட்களிலேயே கலகக்காரர்கள் அவரைக் கொன்றார்கள். அடுத்து வந்த ஜார் வசீலி ஷூய்ஸ்கி ஸ்வீடனுடன் கூட்டுச்சேரவே, ஸ்வீடனோடு பகைகொண்டிருந்த சிகிஸ்மண்ட் அதையே காரணமாக்கி 1609-இல் படையெடுத்தார்.

1610 ஜூலை 4 அன்று குளூஷினோவில் படைத்தலைவர் ஸ்தனிஸ்வாவ் ஷூவ்கியெவ்ஸ்கி ஏழாயிரத்துக்கும் குறைவான வீரர்களைக்கொண்டு, தம் படையைப்போல் பல மடங்கு பெரிய ரஷ்ய, ஸ்வீடிஷ் கூட்டுப்படையை வென்றார். போலந்தின் சிறகு தரித்த ஹுஸார் குதிரைப்படையின் புகழ் பெரிதும் இத்தகைய வெற்றிகளில் வேரூன்றியது. மாஸ்கோவின் பிரபுக்கள் ஷூய்ஸ்கியை இறக்கிவிட்டு, சிகிஸ்மண்டின் 15 வயது மகன் வ்வாதிஸ்வாவை ஜாராக ஏற்க ஒப்புக்கொண்டார்கள். அவர் ஆர்த்தடாக்ஸ் நெறிக்கு மாறவேண்டும் என்பதே அவர்கள் எதிர்பார்த்த முக்கிய நிபந்தனை. ஷூவ்கியெவ்ஸ்கி சமரசத்தை விரும்பினார். தந்தையான அரசரோ தீவிரக் கத்தோலிக்கர். அரியணையைத் தமக்கே விரும்பினார்.

போலந்து தவறவிட்ட மிகப்பெரிய வாய்ப்பு இது என்று நினைக்கிறேன். நிபந்தனையை ஏற்றிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் ஏற்காததால் விளைந்தவை நம் கண்முன் இருக்கின்றன. 1611 மார்ச்சில் மாஸ்கோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது காவற்படை நகருக்குத் தீ வைத்தது. திருச்சபைத் தலைவர் கெர்மகேன் சிறையில் பட்டினியால் இறந்தார். நீழ்னி நோவ்கரது நகரின் வணிகர் குஸ்மா மீனினும் இளவரசர் திமித்ரி பஜார்ஸ்கியும் மக்கள் படை திரட்டி வந்தார்கள். கிரெம்ளினுக்குள் அடைபட்ட வீரர்கள் பசியின் உச்சத்தில் மனித இறைச்சியைத் தின்னும் நிலைக்கு வந்து, 1612 நவம்பரில் சரணடைந்தார்கள். 1613-இல் மிகாயில் ரமானவ் ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வம்சம் 1917 வரை ஆண்டது.

2005 முதல் ரஷ்யா நவம்பர் 4-ஐத் தேசிய ஒற்றுமை நாளாகக் கொண்டாடுவது 1612-இன் இந்த விடுதலையை நினைத்துத்தான். படையெடுத்து வருபவன் எப்போதும் ரஷ்யன் என்ற எண்ணம் போலந்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதோ, அதே அளவு ஆழமாக ரஷ்யப் பள்ளிக்கூடங்களில் கிரெம்ளினில் நின்ற போலந்தியரின் நினைவும் வேரூன்றியிருக்கிறது.

பலம் எப்போது ரஷ்யாவின் பக்கம் சாய்ந்தது?

1648-இல் போக்தான் ஹ்மெல்னித்ஸ்கியின் தலைமையில் உக்ரைனின் கொசாக்குகள் என்ற போர்வீரக் குடியினர் போலந்துப் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தார்கள். 1654-இல் பெரெயஸ்லாவில் அவர்கள் ஜாரின் பாதுகாப்பை ஏற்றார்கள். அதைத் தொடர்ந்து நடந்த 13 ஆண்டுப் போரில் போலந்து சில களங்களில் பெரிய வெற்றிகள் பெற்றபோதும், ஸ்வீடனின் படையெடுப்பும் சேர்ந்துகொண்டதால் நாடு சிதைந்தது. 1667-இல் அந்த்ருசோவோ உடன்படிக்கைப்படி ஸ்மோலென்ஸ்கும் நீப்பரின் கிழக்குக் கரையும் மாஸ்கோவுக்குப் போயின. கீவ் நகரை மாஸ்கோ இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக எழுதப்பட்டது. அது திரும்பி வரவேயில்லை. 1686-இன் "நிரந்தர அமைதி" ஒப்பந்தத்தில் 1,46,000 ரூபிள் பெற்றுக்கொண்டு போலந்து அதைக் கைவிட்டது.

அதன்பிறகு சீரழிவு உள்ளிருந்தே வந்தது. பாராளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எதிர்த்தாலும் எல்லாத் தீர்மானங்களும் வீழ்ந்துபோகும் விதி நடைமுறையில் இருந்தது. பக்கத்து அரசுகள் அந்த ஒரு குரலை விலைக்கு வாங்கக் கற்றுக்கொண்டன. 1717-இல் மகா பீட்டரின் படைகள் அருகில் நிற்க, விவாதமே இல்லாமல் கூடிய "ஊமைப் பாராளுமன்றம்" கூட்டரசின் படையை 24,000 பேர் என்ற அளவுக்குள் அடக்கியது.

போலந்தைப் பங்குபோட்டது போரினாலா, பேச்சுவார்த்தையினாலா?

இரண்டினாலும். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1772-இல் முதல் பங்கீட்டைச் செய்தன. 1791 மே 3 அன்று போலந்து புதிய அரசியலமைப்புச் சட்டம் இயற்றித் தன்னைச் சீர்திருத்த முயன்றவுடன், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீன் 1792-இல் படை அனுப்பினார். 1793-இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் இரண்டாம் பங்கீட்டை முடித்தன. நாடு தன்னைத் திருத்திக்கொள்ள எழுந்ததே அதன் குற்றமாயிற்று.

அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றித் திரும்பியிருந்த ததேயுஷ் கொஷ்சியுஷ்கோ 1794-இல் எழுச்சிக்குத் தலைமை ஏற்றார். ரத்ஸ்வாவித்ஸே களத்தில் நீண்ட பிடியுள்ள புல்லரிவாளை நிமிர்த்திக் கட்டிய உழவர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி ஓடிச்சென்று அவற்றைக் கைப்பற்றினார்கள். அக்டோபரில் மச்சியெயோவித்ஸேயில் கொஷ்சியுஷ்கோ காயமுற்றுச் சிறைப்பட்டார். நவம்பர் 4 அன்று ரஷ்யத் தளபதி சுவோரவின் படை வார்சாவின் பிராகா புறநகருக்குள் புகுந்து பொதுமக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றது. 1795-இல் போலந்து வரைபடத்திலிருந்தே மறைந்தது. மாஸ்கோவின் விடுதலைக்காக ரஷ்யா தேர்ந்தெடுத்த அதே தேதி பிராகாவில் படுகொலையின் தேதி என்பதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் எழுச்சிகள் ஏன் தோற்றன?

1830 நவம்பர் 29 அன்று வார்சாவில் தொடங்கிய எழுச்சிக்கு முறையான படையே இருந்தது. 1815-க்குப் பின் ஜாரின் ஆட்சியின்கீழ் போலந்துக்கென்று தனிப்படையும் பாராளுமன்றமும் இருந்ததால் அது உண்மையான போராக நடந்தது. 1831 பிப்ரவரியில் குரோகுவ் களத்தில் ரஷ்யப் படையைத் தடுத்து நிறுத்தவும் முடிந்தது. ஆனால் தலைமை தயங்கியது; நிலம் தருவதாக உழவர்களுக்கு வாக்களிக்கவும் பிரபுக்களுக்கு மனம் வரவில்லை. மே மாதம் ஒஸ்த்ரோவென்காவில் தோல்வி. செப்டம்பரில் ரஷ்யத் தளபதி பாஸ்கேவிச்சிடம் வார்சா வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தார்கள்.

1863 ஜனவரியில் எழுந்தவர்களிடம் படையில்லை. காடுகளில் சிறு குழுக்களாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்களை நடத்தினார்கள். இம்முறை உழவர்க்கு நிலம் என்று முதல் நாளே அறிவித்தார்கள். 1864 மார்ச்சில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் தாமே உழவர்களுக்கு நிலவுரிமை அளித்து அந்த ஆயுதத்தைப் பறித்துக்கொண்டார். எழுச்சியின் கடைசித் தலைவர் ரோமுவால்த் திராவ்குத் 1864 ஆகஸ்ட் 5 அன்று தோழர் நால்வரோடு வார்சாக் கோட்டையருகே தூக்கிலிடப்பட்டார். பல்லாயிரம் பேர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ரஷ்ய மொழி திணிக்கப்பட்டது.

ரஷ்யர் எல்லோருமே போலந்துக்கு எதிரிகளாக இருந்தார்களா?

இல்லை. "எங்கள் விடுதலைக்காகவும் உங்கள் விடுதலைக்காகவும்" என்ற போலந்தியரின் புகழ்பெற்ற முழக்கம், ஜாருக்கு எதிராக 1825-இல் எழுந்து உயிர்நீத்த ரஷ்யப் புரட்சியாளர்களுக்கு 1831 ஜனவரியில் வார்சா மக்கள் அஞ்சலி செலுத்தியபோது பிறந்தது. லண்டனில் வாழ்ந்த ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாண்டர் ஹெர்ட்சன் 1863-இல் போலந்தியர் பக்கம் நின்று, ரஷ்யாவில் தமக்கிருந்த வாசகர்களில் பெரும்பகுதியை இழந்தார். ரஷ்ய அதிகாரி அந்திரேய் பத்தெப்னியா எழுச்சியாளர்களோடு சேர்ந்து போரிட்டு உயிர் துறந்தார். மறுபக்கம், சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய ஜெர்ஜின்ஸ்கி போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர்.

1920-இல் வார்சாவில் என்ன நடந்தது?

1918 நவம்பரில் போலந்து மீண்டும் சுதந்திர நாடானபோது அதற்குக் கிழக்கு எல்லை என்று ஒன்று வரையறுக்கப்படவில்லை. அதன் அரசுத் தலைவர் யூசெப் பிவ்சூத்ஸ்கி, லித்துவேனியா, பெலாரஸ், உக்ரைன் ஆகியவற்றைப் போலந்தோடு இணைந்த கூட்டமைப்பாக்கி ரஷ்யாவுக்கு அணைகட்ட விரும்பினார். ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக்குகளோ போலந்தைக் கடந்து ஜெர்மனிக்குப் புரட்சியைக் கொண்டுசெல்ல நினைத்தார்கள். 1920 ஏப்ரலில் உக்ரைனியத் தலைவர் சிமோன் பெத்லியூராவுடன் பிவ்சூத்ஸ்கி உடன்படிக்கை செய்தார். மே 7 அன்று போலந்துப் படை கீவுக்குள் நுழைந்தது. ஜூன் மாதத்தில், போல்ஷெவிக்குகளின் படையான செஞ்சேனையின் தளபதி புத்யோன்னியின் குதிரைப்படை தென்முனையை உடைத்தது. ஜூலையில் செஞ்சேனையின் மற்றொரு தளபதி துகாச்செவ்ஸ்கியின் படைகள் வடக்கிலிருந்து புயல்போல் முன்னேறி, ஆகஸ்ட் நடுவில் வார்சாவின் வாசலுக்கே வந்துவிட்டன.

ஆகஸ்ட் 16 அன்று வியெப்ஷ் ஆற்றங்கரையிலிருந்து பிவ்சூத்ஸ்கி தொடங்கிய எதிர்த்தாக்குதல் துகாச்செவ்ஸ்கியின் பக்கவாட்டைப் பிளந்தது. செஞ்சேனையின் வானொலிச் சங்கேதங்களை யான் கொவலெவ்ஸ்கியின் குழு முன்னரே உடைத்திருந்ததால், எதிரியின் அணிகளுக்கு இடையே எங்கே வெற்றிடம் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அதனால்தான் வார்சா வழியே ஓடும் ஆற்றை வைத்து இவ்வெற்றிக்கு இட்ட "விஸ்துலாவின் அற்புதம்" என்ற பெயர் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. துணிவும் கணக்கும் உழைப்பும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

1921 மார்ச் 18 அன்று ரீகாவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. உக்ரைனையும் பெலாரஸையும் இரு தரப்பும் பகிர்ந்துகொண்டன. போலந்துக்குத் தோள்கொடுத்த பெத்லியூராவின் வீரர்கள் போலந்திலேயே முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அம்முகாமொன்றுக்குச் சென்ற பிவ்சூத்ஸ்கி அந்த அதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டார். ஓர் அரசுத் தலைவர் தம் நட்பு நாட்டவரிடம் அப்படிக் கேட்கவேண்டி வந்ததே அந்த ஒப்பந்தத்தின் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

காத்தின் படுகொலைக்கு 1920-இன் கைதிகள் இறந்தது ஈடாகுமா?

இப்படி ஒரு வாதம் ரஷ்யாவில் எழுப்பப்படுவதுண்டு. 1919–21-இல் போலந்து முகாம்களில் அடைபட்ட செஞ்சேனைக் கைதிகளில் 16,000 முதல் 20,000 பேர் வரை டைபஸ், காலரா, பசி ஆகியவற்றால் இறந்தார்கள் என்பது இரு நாட்டு ஆய்வாளர்களின் மதிப்பீடு. அது பெருந்துயரம், போலந்து அதிகாரிகளின் கவனக்குறைவு அதில் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

ஸ்மோலென்ஸ்க் அருகே காத்தின் காட்டின் பெயரால் அழைக்கப்படும் படுகொலை வேறு வகை. 1939 ஆகஸ்ட் 23-இல் ஹிட்லரோடு ஸ்டாலின் செய்த ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவின்படி, செப்டம்பர் 17 அன்று செஞ்சேனை கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. 1940 மார்ச் 5 அன்று சோவியத் ரகசியக் காவல்துறைத் தலைவர் பெரியா முன்வைத்த திட்டத்தில் ஸ்டாலினும் அரசியற்குழுவினரும் கையொப்பமிட்டார்கள். அந்த வசந்தத்தில், சிறைப்பட்டிருந்த போலந்துப் படையதிகாரிகள், காவலர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் என 21,857 பேர் சுடப்பட்டார்கள். 1943-இல் புதைகுழிகள் வெளிப்பட்டபோது சோவியத் அரசு பழியை ஜெர்மானியர்மேல் போட்டது. 1990 ஏப்ரல் வரை அந்தப் பொய்யையே சொல்லிவந்தது. நோயில் மடியவிட்டதும், பெயர்ப்பட்டியல் வைத்துக் கொன்றதும் ஒன்றல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட முடியாது.

2010 ஏப்ரல் 10 அன்று காத்தின் நினைவுநாளுக்குச் சென்ற போலந்து விமானம் ஸ்மோலென்ஸ்க் அருகே விழுந்து, குடியரசுத் தலைவர் லேக் கச்சின்ஸ்கி உட்பட 96 பேர் இறந்தார்கள்.

இந்த வரலாற்றுக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு. 1940–41-இல் கிழக்குப் போலந்திலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டார்கள். ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியபின் போலந்துத் தளபதி ஆன்தெர்ஸின் படையோடு அவர்களில் ஒரு பகுதியினர் 1942-இல் ஈரானுக்கு வெளியேற முடிந்தது. அநாதைக் குழந்தைகள் பலரை நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி குஜராத்தின் பாலாசடியில் தங்கவைத்துப் பேணினார். கோலாப்பூருக்கு அருகே வளிவடே முகாமில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தார்கள்.

1944-இல் வார்சா எரிந்தபோது செஞ்சேனை வேண்டுமென்றே நின்றுவிட்டதா?

நகரைப் பிடித்திருந்த ஜெர்மானியருக்கு எதிராக ஆகஸ்ட் முதல் நாளில் தொடங்கிய எழுச்சி 63 நாட்கள் நீடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் ஜெர்மானியர் கையில் இறந்தார்கள். தொடக்க நாட்களில் வார்சாவின் கிழக்கே ஜெர்மன் டாங்கிப் படைகள் சோவியத் முன்னணியைப் பின்தள்ளின என்பது உண்மையே. ஆனால் உதவிப் பொருள் வீசவந்த நேசநாட்டு விமானங்கள் சோவியத் தளங்களில் இறங்க ஸ்டாலின் செப்டம்பர் நடுப்பகுதி வரை அனுமதி மறுத்ததற்குப் படைச் சோர்வைக் காரணம் காட்ட முடியாது. எழுச்சியாளர்கள் லண்டனில் புலம்பெயர்ந்து இயங்கிய போலந்து அரசைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வெல்வதை ஸ்டாலின் விரும்பவில்லை. அதே சமயம், போலந்து மண்ணில் நாஜிகளோடு போரிட்டு ஏறத்தாழ 6 லட்சம் சோவியத் வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் எளிய கிராமத்து இளைஞர்கள். அவர்களின் கல்லறைகளுக்கு மரியாதை செய்வதும், அவர்கள் கொண்டுவந்தது சுதந்திரம் அல்ல என்று சொல்வதும் ஒருங்கே இயலும்.

ரஷ்யப் படை போலந்தை விட்டு எப்போது வெளியேறியது?

1993 செப்டம்பரில். விடைபெறும் நிகழ்ச்சி நடந்தது 17-ஆம் தேதி; செஞ்சேனை போலந்துக்குள் நுழைந்து சரியாக 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இழந்த கிழக்கு நிலங்களைப் போலந்து இன்னும் உரிமை கோருகிறதா?

இல்லை. 1945-இல் லிவிவ், வில்னியுஸ் நகரங்களைப் போலந்து இழந்தது. போலந்தியருக்கு அவை வெறும் எல்லை ஊர்கள் அல்ல. தங்கள் பல்கலைக்கழகங்களும் கவிஞர்களும் வளர்ந்த நகரங்கள். ஆனாலும் பாரிஸ் அருகே புலம்பெயர்ந்தோர் இதழ் ஒன்றை நடத்திய யெர்சி கெத்ரோய்ச்சும் அவருடைய தோழர் யூலியுஷ் மியெரொஷெவ்ஸ்கியும் கடினமான ஒரு கருத்தைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதினார்கள்: லிவிவ் உக்ரைனுடையது, வில்னியுஸ் லித்துவேனியாவுடையது என்று போலந்தியர் மனமார ஏற்கவேண்டும், இடைநிலத்து மக்கள் சுதந்திரமாக இருந்தால்தான் வார்சாவும் மாஸ்கோவும் அந்த நிலத்துக்காக மோதவேண்டிய தேவை ஒழியும். தொடக்கத்தில் புலம்பெயர்ந்தோர் பலர் அவர்கள்மீது கடுஞ்சினம் கொண்டார்கள். 1989-க்குப் பின் வந்த போலந்து அரசுகள் அந்தக் கருத்தையே வெளியுறவுக் கொள்கையாக ஏற்றன. 1991 டிசம்பர் 1 அன்று உக்ரைன் மக்கள் வாக்களித்துச் சுதந்திரத்தை உறுதிசெய்தார்கள். மறுநாளே அதை அங்கீகரித்து, முதல் வரிசையில் நின்றது போலந்து.